‘லைட்’ என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல் எது? மகளின் பயிற்சித் தாளில் ஒரு சிவப்புக் கோடு

பட்டர்வொர்த் அப்பா:

அனைவருக்கும் வணக்கம். மகள் நான்காம் ஆண்டு படிக்கிறாள். நேற்று ஆங்கிலப் பயிற்சித் தாள் வீட்டுக்கு வந்தது. எதிர்ச்சொல் எழுதச் சொல்லிப் பத்துச் சொற்கள். ‘லைட்’ என்பதற்கு நேரே ‘ஹெவி’ என்று எழுதியிருக்கிறாள். அதன்மேல் சிவப்புக் கோடு. பக்கத்தில் ‘டார்க்’ என்று திருத்தம்.

அவள் அழவில்லை. புத்தகங்களை எடுத்துவிட்டு வெறும் பள்ளிப்பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "தூக்கிப் பாருங்கள் அப்பா. இது லைட்டாக இருக்கிறதா இல்லையா? புத்தகத்தைப் போட்டால் டார்க்காகவா ஆகும்?" என்று கேட்டாள்.

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள பிறைத் தொழிற்பேட்டையில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். தினமும் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுகிறேன். இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் என்னிடம் இல்லை. இரண்டுமே சரி என்று மனம் சொல்கிறது. ஏன் சரி என்று அவளுக்கு எப்படி விளக்குவது? ஆசிரியரிடம் எப்படிப் பேசுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செந்தூல் டியூஷன் டீச்சர்:

வணக்கம் ஐயா. உங்கள் மகள் எழுதியது சரி. திருத்தியவர் எழுதியதும் சரி. கேள்விதான் குறையுடையது.

எடை குறைந்த ‘லைட்’ வேறு, வெளிச்சமான ‘லைட்’ வேறு. இரண்டும் வெவ்வேறு வேர்களிலிருந்து வந்தவை. ஆங்கிலத்தில் ஓசையும் எழுத்தும் ஒன்றாகிவிட்டன. அதற்கு உறவான ஜெர்மன் மொழியில் இன்றும் தனித்தனிதான்: எடைக்கு லைஷ்ட், வெளிச்சத்துக்கு லிஷ்ட். ஆகவே ஒரே உடுப்பில் இரண்டு பேர் நிற்கிறார்கள். யாரைக் கேட்கிறோம் என்று சொல்லாமல் "இவருக்கு எதிரி யார்" என்று கேட்டால் பிள்ளை என்ன செய்யும்?

எதிர்ச்சொல் என்பது ஒரு தொடரில் சொல் பெறும் பொருளுக்கு அமைவது. ‘ஓல்டு’ மனிதருக்கு ‘யங்’, ‘ஓல்டு’ வீட்டுக்கு ‘நியூ’. ‘ஹார்டு’ நாற்காலிக்கு ‘சாஃப்ட்’, ‘ஹார்டு’ கணக்குக்கு ‘ஈசி’. ‘ஷார்ட்’ ஆளுக்கு ‘டால்’, ‘ஷார்ட்’ கயிற்றுக்கு ‘லாங்’. பயிற்சித் தாளில் சொல்லைத் தனியாக நிறுத்தாமல், "திஸ் பேக் இஸ் லைட்" என்று ஒரு வரி கொடுத்திருந்தால் இந்தச் சிவப்புக் கோடே வந்திருக்காது.

ஜெலுத்தோங் அம்மா:

டீச்சர், நீங்கள் சொல்வது படித்தவர்களுக்குப் பொருந்தும். பத்து வயதுப் பிள்ளையிடம் ஒரு சொல்லுக்கு நான்கு பதில் சொன்னால் தேர்வு நேரத்தில் குழம்பிவிடும். என் பிள்ளைகள் இருவரும் சொல்லும் எதிர்ச்சொல்லுமாக மனப்பாடம் செய்துதான் வந்தார்கள். நல்ல மதிப்பெண்ணும் வாங்கினார்கள். முதலில் அடிப்படை, நுணுக்கம் பிறகு.

செந்தூல் டியூஷன் டீச்சர்:

அம்மா, மனப்பாடத்தை நான் பழிக்கவில்லை. அது எங்கே வந்து முட்டுகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் சேர எழுதும் ஆங்கிலத் தேர்வான மூயெட்டுக்குத் தயாராகும் மாணவர்கள் என்னிடம் வருகிறார்கள். எதிர்ச்சொல் ஜோடிகள் நூற்றுக்கணக்கில் தெரிந்து வைத்திருப்பார்கள். வாசிப்புப் பகுதியில் ‘நாட் ரிச்’ என்று ஒருவரைப் பற்றி வரும். "அவர் ஏழையா?" என்பது கேள்வி. பாதிப் பேர் ஆம் என்று குறிப்பார்கள். பணக்காரர் இல்லை என்றால் ஏழை என்று யார் சொன்னது? நாம் எல்லாரும் நடுவில் எங்கோதானே இருக்கிறோம்!

ஜோடிகள் எல்லாம் ஒரே மாதிரி எதிர்ப்பவை அல்ல. ‘அலைவ்’, ‘டெட்’ என்ற இரண்டுக்கும் நடுவே இடமே இல்லை. ஒன்று இல்லையென்றால் மற்றது. ‘ஹாட்’, ‘கோல்ட்’ அப்படியல்ல. நடுவில் ‘வார்ம்’, ‘கூல்’ என்று படிகள் உண்டு. நம் மொழியில் காயும் பழமும் போல. காய் இல்லையென்றால் உடனே பழமாகிவிடாது. செங்காய் என்று ஒன்று இருக்கிறது. பிள்ளைக்குச் சொல்லித்தர எளிய சோதனை, முன்னால் ‘வெரி’ போட்டுப் பார்ப்பது. ‘வெரி கோல்ட்’ பொருந்தும், ‘வெரி டெட்’ பொருந்தாது. மூன்றாவது வகை, வாங்குவதைச் சொல்லும் ‘பை’, விற்பதைச் சொல்லும் ‘செல்’. இங்கே நடப்பது ஒரே வியாபாரம். நிற்கும் பக்கம்தான் வேறு. நான் வாங்கினேன் என்றால் யாரோ விற்றிருக்கிறார் என்பது அதிலேயே அடங்கியிருக்கிறது.

ஆயர் ஈத்தாம் அண்ணன்:

டீச்சர் சொன்ன மூன்றாவது வகையால் எனக்கு இரண்டு மாத வாடகை போனது.

தம்பிக்கு இங்கே ஓர் அடுக்குமாடி வீடு இருக்கிறது. அவன் கோலாலம்பூரில் வேலை செய்கிறான். வீட்டுக்கு ஆள் பார்க்கும் பொறுப்பை என்னிடம் விட்டிருந்தான், வாடகையில் எனக்கும் பங்கு. ஒருநாள் அவனிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரே வரி: வீட்டை ‘ரென்ட்’ செய்துவிட்டேன். ஆள் கிடைத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று, கேட்டு வந்த ஒரு குடும்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அவன் சொன்னதோ, தான் குடியிருக்க அங்கே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்ததை. இங்கே வீடு பூட்டியே கிடந்தது.

தமிழில் எழுதியிருந்தால் இது நடந்திருக்குமா? வாடகைக்கு விட்டேன், வாடகைக்கு எடுத்தேன் என்று வினை தானே பிரித்துக் காட்டிவிடும். ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு பக்கமும் நிற்கிறது. வீட்டுக்காரர் பக்கத்துக்கு ‘லெட்’ என்று தனிச்சொல் இருப்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

ஜார்ஜ் டவுன் கடைக்காரர்:

எங்களுடையது நாசி கண்டார் கடை, சோறும் கறிகளும் விற்பது. ‘ஹாட்’ பற்றி டீச்சர் எழுதியதைப் படித்ததும் ஒருவர் முகம் நினைவுக்கு வந்தது.

பல ஆண்டுகளுக்கு முன்பு, பிற்பகல் மூன்று மணி இருக்கும். வெள்ளைக்காரப் பயணி ஒருவர் மீன்தலைக் கறியைக் காட்டி, "ஹாட்டா?" என்று கேட்டார். காலையில் இறக்கிய சட்டி, ஆறிப்போயிருந்தது. வேலைக்குப் புதிதாக வந்திருந்த பையன் கையால் சட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நோ, நோ, நாட் ஹாட்" என்று சொல்லி இரண்டு கரண்டி ஊற்றிக் கொடுத்தான். அவர் நம்பிச் சாப்பிட்டார். காதெல்லாம் சிவந்து, கண்ணில் நீர் வழிய, தண்ணீர் தண்ணீர் என்று கேட்டார். பையன் பயந்துபோனான். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்த ‘ஹாட்’ மலாயில் பானாஸ், தமிழில் சூடு. அவர் கேட்டது பெடாஸ், உறைப்பு. நம் இரண்டு மொழிகளும் பிரித்து வைத்திருப்பதை ஆங்கிலம் ஒரே பாத்திரத்தில் போட்டு வைத்திருக்கிறது.

அன்றிலிருந்து எங்கள் கடையில் யார் ‘ஹாட்’ என்று கேட்டாலும், "மிளகாயையா கேட்கிறீர்கள், சூட்டையா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் ஊற்றுவோம்.

இன்னொன்று. டூரியான் சூடு என்கிறோமே, அது மூன்றாவது. பாலேக் பூலாவ் ஊர்ப் பழத்தைக் குளிர்பெட்டியில் வைத்து எடுத்தாலும் உடம்புக்கு அது சூடுதான், மங்குஸ்தான் குளிர்ச்சிதான். மலேசிய ஆங்கிலத்தில் அதற்கு ‘ஹீட்டி’ என்று தனிச்சொல்லே உண்டாக்கிக்கொண்டோம்.

செந்தூல் டியூஷன் டீச்சர்:

அருமை ஐயா. எதிர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள், மூன்றும் பிரிந்து நிற்கும். சூட்டுக்கு ‘கோல்ட்’, உறைப்புக்கு ‘மைல்ட்’, டூரியான் சூட்டுக்கு ‘கூலிங்’. ஒரு சொல்லுக்குள் எத்தனை பொருள் ஒளிந்திருக்கிறது என்று எண்ணுவதற்கு எதிர்ச்சொல்தான் எனக்குத் தெரிந்த நல்ல கருவி. பட்டர்வொர்த் ஐயாவின் மகள் கையில் எடுத்ததும் அதே கருவிதான்.

குளுகோர் மாணவி:

நான் மொழியியல் முதுகலை படிக்கிறேன். சொற்களின் பொருளை ஆராயும் பொருண்மையியல் பாடத்தில் வரும் ஒன்றை இங்கே சேர்க்கலாம் என்று தோன்றுகிறது.

சுவிட்சர்லாந்து அறிஞர் சொசூர் நடத்திய வகுப்புகளை, அவர் மறைந்த பிறகு மற்றவர்கள் தொகுத்து 1916இல் நூலாக வெளியிட்டார்கள். அதில் ஆட்டை வைத்து ஓர் எடுத்துக்காட்டு வரும். பிரெஞ்சு மொழியில் மேயும் செம்மறிக்கும் தட்டில் வரும் அதன் இறைச்சிக்கும் ‘மூத்தோன்’ என்ற ஒரே சொல். ஆங்கிலத்தில் மேய்வது ‘ஷீப்’, தட்டில் வருவது ‘மட்டன்’. ஆகவே ‘மூத்தோன்’, ‘ஷீப்’ இரண்டும் ஒரே விலங்கைக் காட்டினாலும் மதிப்பு வேறு. ஏனென்றால் ‘ஷீப்’புக்குப் பக்கத்தில் ‘மட்டன்’ இருக்கிறது, ‘மூத்தோ’னுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. பக்கத்து வீட்டுச் சொற்கள் விட்டுவைத்த இடம்தான் ஒரு சொல்லின் மனை. நெல், அரிசி, சோறு, ‘ரைஸ்’ எல்லாருக்கும் தெரிந்ததுதானே, அதுவும் இதே கதைதான்.

ஆனால் நம் ஊர்க் கதை இன்னும் சுவையானது. பினாங்கின் சௌரஸ்தா சந்தையில் ‘மட்டன்’ என்று கேட்டால் வெள்ளாட்டு இறைச்சியை வெட்டித் தருவார்கள். இங்கிலாந்தில் அதே சொல்லைச் சொன்னால் முதிர்ந்த செம்மறியின் இறைச்சி. காரணம் என்ன? தமிழில் ‘ஆடு’ என்று ஒரு பொதுச்சொல் மேலே இருக்கிறது, அதன்கீழே வெள்ளாடு, செம்மறியாடு என்று வகைகள். மலாயில் ‘கம்பிங்’ ஏறக்குறைய அப்படியே. ஆங்கிலத்தில் ‘கோட்’ உண்டு, ‘ஷீப்’ உண்டு, இரண்டையும் சேர்த்துச் சொல்ல அன்றாடப் பேச்சில் சொல்லே இல்லை. நாம் ‘மட்டன்’ என்ற சொல்லை வாங்கி நம் ‘ஆடு’ என்ற கூரைக்குக்கீழ் குடிவைத்துவிட்டோம்.

டீச்சர் சொன்னதில் ஒரு சிறு திருத்தம், கோபிக்க வேண்டாம். எதிர்நிலை பொருளுக்கு மட்டும் உரியது என்பது முழுவதும் சரியல்ல. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1985இல் ஜார்ஜ் மில்லர் தொடங்கிய வேர்ட்நெட் என்ற சொல்வலையில், ஒரே பொருள் தரும் சொற்களை ஒரு கட்டாகக் கட்டிவைத்திருக்கிறார்கள். ஆனால் எதிர்ச்சொல் உறவை மட்டும் கட்டுக்கும் கட்டுக்கும் போடாமல் சொல்லுக்கும் சொல்லுக்கும் போட்டார்கள். ‘பிக்’, ‘லார்ஜ்’ இரண்டும் பெரியதைத்தான் சொல்கின்றன. என்றாலும் ஆங்கிலக் காதுக்கு ‘லார்ஜ்’ என்றால் ‘ஸ்மால்’, ‘பிக்’ என்றால் ‘லிட்டில்’. பழகிய ஜோடி என்று ஒன்று இருக்கிறது. அந்த வகையில் ஜெலுத்தோங் அம்மா சொன்ன மனப்பாடத்துக்கும் இடம் உண்டு.

ஜெலுத்தோங் அம்மா:

நன்றி மகளே. அதைத்தான் சொல்ல வந்தேன், எனக்கு இப்படிச் சொல்லத் தெரியவில்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

படிக்கப் படிக்க மகிழ்ச்சியாக இருக்கிறது. நம் வீட்டுப் பெட்டியில் இருப்பதையும் எடுத்துக் காட்டிவிடுகிறேன்.

"ஒருசொல் பலபொருட் குரிமை தோன்றினும் பலசொல் ஒருபொருட் குரிமை தோன்றினும்" என்று தொல்காப்பியர் உரியியலின் முதல் நூற்பாவிலேயே வைத்துவிட்டார். நீங்கள் பேசுவது இதே இரண்டைத்தான். பழைய தமிழ்ச் சொற்பொருள் நூலான திவாகர நிகண்டைப் பிரித்துப் பாருங்கள். பன்னிரண்டு தொகுதிகள். தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று பொருள்வகையால் அடுக்கி, ஒரு பொருளுக்கு உரிய பல பெயர்களைத் தருகிறது. பதினொன்றாம் தொகுதி முழுவதும் ஒருசொல் பல்பொருள். ஆங்கிலத்தில் ரோஜே கருத்துவகையால் அடுக்கிய சொற்களஞ்சியத்தை வெளியிட்டது 1852இல்தான். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம்மவர்கள் இந்த வழியில் நடந்துவிட்டார்கள்.

அந்தக் குழந்தையின் செயலுக்கும் ஒரு நூற்பா இருக்கிறது. "பொருண்மை தெரிதலும் சொன்மை தெரிதலும் சொல்லி னாகும் என்மனார் புலவர்." சொல்லால் பொருளும் தெரியும், சொல் தன்னையும் தெரிவிக்கும். பயிற்சித் தாள் கேட்டது சொன்மையை. பையைத் தூக்கிக் காட்டிய குழந்தை பொருண்மையால் பதில் சொன்னாள். எனக்கு அவளைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

ஆங்கிலத்தில் எனக்கு மிகவும் பிடித்த சொல் ‘பியூப்பில்’. மாணவர் என்றும் பொருள், கண்ணின் நடுவே உள்ள கருவட்டம் என்றும் பொருள். முப்பத்தோர் ஆண்டுகள் மாணவர்களுக்கு நடுவே இருந்தவன், இந்த இரண்டும் எப்படி ஒரு சொல்லுக்குள் வந்தன என்று தேடிப் போனேன். இரண்டுக்கும் லத்தீன் வேர் ஒன்றுதான். சிறுவன், சிறுமி, பொம்மை என்ற பொருள் அதற்கு. எதிரே இருப்பவர் கண்ணை உற்றுப் பாருங்கள், உங்கள் உருவம் ஒரு சிறு பொம்மையாக அங்கே நிற்கும். அதனால் அந்தப் பெயர். இப்போது நம் குறளுக்கு வாருங்கள், 1123: "கருமணியிற் பாவாய்நீ போதாயாம் வீழும் திருநுதற்கு இல்லை இடம்." காதலி குடியிருக்க இடம் வேண்டும், கண்மணியில் உள்ள பாவையே, நீ போய்விடு என்கிறான். நமக்கும் பாவை என்றால் பொம்மை, பாவை என்றால் கண்ணின் மணி. ரோமாபுரியில் இருந்தவனும் இங்கே இருந்தவனும் அடுத்தவர் கண்ணுக்குள் ஒரே பொம்மையைப் பார்த்திருக்கிறார்கள்.

குளுகோர் மாணவி:

ஐயா, இதைப் படித்துவிட்டுத் தோழியின் கண்ணை உற்றுப் பார்த்தேன். உண்மைதான், நான் அங்கே இருந்தேன்.

ஆனால் ஒரு கேள்வியை விட்டுவிட முடியவில்லை. வேர் ஒன்று என்பதால் இன்று ஆங்கிலம் பேசுபவர் மனத்தில் அந்த இரண்டு ‘பியூப்பில்’களும் ஒரே சொல் ஆகுமா? அவர்களைக் கேட்டால் தொடர்பே இல்லை என்பார்கள். இதற்கு நேர்மாறானது ‘இயர்’. காதுக்கும் ‘இயர்’, சோளக்கதிருக்கும் ‘இயர்’. தண்டின் பக்கவாட்டில் காது போல ஒட்டியிருப்பதால் வந்த பெயர் என்று நானும் நம்பியிருந்தேன். வேரைப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு. உறவுக்காரர்கள் அந்நியராகத் தெரிகிறார்கள், அந்நியர்கள் உறவாகத் தெரிகிறார்கள். பலபொருள் ஒருசொல் எது, தற்செயலாக ஒன்றுபோல் ஆன இரண்டு சொற்கள் எவை என்று முடிவுசெய்ய வரலாற்றைக் கேட்பதா, பேசுபவரைக் கேட்பதா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அகராதி தொகுப்பவன் வரலாற்றைக் கேட்கட்டும் அம்மா. வகுப்பில் நிற்பவன் பிள்ளையைக் கேட்க வேண்டும். நம் ‘அடி’யையே எடுத்துக்கொள்ளுங்கள். பாதம், அளவு, செய்யுளின் வரி, மரத்தின் கீழ்ப்பகுதி எல்லாம் ஒரே குடும்பம் என்று மனம் ஒப்புகிறது. பிரம்பால் விழும் அடி அந்தக் குடும்பமா என்று கேட்டால் வகுப்பே இரண்டாகப் பிரியும். நான் பலமுறை கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

கிளினிக் உதவியாளர்:

நான் பினாங்கில் ஒரு சிறிய கிளினிக்கில் பதிவு மேசையில் இருக்கிறேன். பாதம் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

சர்க்கரை நோயுள்ள ஒரு பாட்டி வந்தார். "கால் வலிக்கிறது அம்மா" என்றார். நான் ‘லெக் பெயின்’ என்று எழுதி உள்ளே அனுப்பினேன். மருத்துவர் கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தார், முட்டியை மடக்கிப் பார்த்தார், ஒன்றும் இல்லை. பாட்டி செருப்பைக் கழற்றவே இல்லை. வெளியே வந்தபோது நொண்டுவதைப் பார்த்து நான்தான் கழற்றச் சொன்னேன். உள்ளங்காலில் காசு அளவுக்குப் புண், ஓரம் வெளுத்திருந்தது. உடனே திரும்ப உள்ளே அழைத்துப் போனேன்.

நமக்குக் கால் என்றால் தொடையிலிருந்து விரல்நுனி வரை கால். மலாயில் ‘காக்கி’யும் அப்படியே. ஆங்கிலத்தில் ‘ஃபுட்’ தனி. அதிலும் மருத்துவர்களின் உடற்கூற்றுப் பாடத்தில் ‘லெக்’ என்பது முட்டிக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட பகுதி மட்டுமாம். கையும் இதே சிக்கல்தான், ‘ஹேண்ட்’ வேறு, ‘ஆர்ம்’ வேறு. இப்போது யார் வந்தாலும் "எந்த இடம், தொட்டுக் காட்டுங்கள் பாட்டி" என்று கேட்காமல் நான் எழுதுவதில்லை.

செந்தூல் டியூஷன் டீச்சர்:

இதைவிட நல்ல பாடம் நான் எந்த வகுப்பிலும் நடத்தியதில்லை. முழுப்பொருளை முதல், அதன் உறுப்பைச் சினை என்று நம் இலக்கணம் சொல்வது இதுதான். உடலை எங்கே கோடு போட்டுப் பிரிப்பது என்பதில் மொழிக்கு மொழி வேறுபாடு. கோடு மாறும் இடத்தில் ஆபத்து இருக்கிறது.

ஜெலுத்தோங் அம்மா:

டீச்சர், அப்படியானால் எனக்கும் ஒரு சந்தேகம். அம்மாவை விமான நிலையத்தில் விடப் போவதால் தாமதமாக வருவேன் என்று அலுவலகத்துக்கு எழுதினேன். ‘செண்ட்’ என்ற சொல்லைப் போட்டிருந்தேன். வெளிநாட்டிலிருந்து வந்த மேலாளர், அம்மாவைப் பார்சலில் அனுப்புகிறீர்களா என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டார். முகம் சுருங்கிப்போனது. அது தவறான ஆங்கிலமா?

செந்தூல் டியூஷன் டீச்சர்:

மனிதரைக் கூடவே போய் விட்டுவருவது பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘செண்ட்’ ஆகாது. தேர்வில் எழுதினால் நான் திருத்துவேன். கடன் வாங்கும் ‘பாரோ’, கடன் கொடுக்கும் ‘லெண்ட்’ குழப்பமும் அப்படித்தான். "ஒரு பேனா பாரோ மீ" என்று கேட்கும் பிள்ளைகளைத் தினமும் திருத்துகிறேன்.

குளுகோர் மாணவி:

தேர்வில் திருத்துங்கள் டீச்சர், மறுக்கவில்லை. ஆனால் தவறு என்ற சொல் மட்டும் எனக்கு உறுத்துகிறது. மலாயில் ‘ஹந்தார்’ என்ற சொல்லுக்குள் அனுப்புவதும் அடங்கும், கொண்டுபோய் விடுவதும் அடங்கும். ‘பிஞ்சாம்’ என்பதும் பேச்சில் கடனின் இரண்டு பக்கத்தையும் பார்க்கும். மலேசிய ஆங்கிலத்தில் ‘செண்ட்’ அந்த அகலத்தை எடுத்துக்கொண்டது. இங்கே பிறந்த ஒருவரிடம் அந்த வாக்கியத்தைச் சொல்லுங்கள், யாருக்கும் பார்சல் நினைவு வராது. அம்மா, நீங்கள் இந்த ஊர் ஆங்கிலத்தில் சரியாகத்தான் எழுதினீர்கள். படித்தவர் வேறு ஊர்க்காரர்.

செந்தூல் டியூஷன் டீச்சர்:

யாருக்கு எழுதுகிறோம் என்பதை மாணவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியது என் வேலை. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அந்த மேலாளர் எல்லார் முன்னிலையிலும் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அதில் உங்கள் பக்கம்தான் நானும்.

பட்டர்வொர்த் அப்பா:

மூன்று நாளாக இந்த இழையை மகளுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். நாசி கண்டார் பையன் கதையை மட்டும் இரண்டு முறை கேட்டாள்.

ஆசிரியரைப் பார்த்துப் பேசினேன். சண்டை போடவில்லை. பையின் கதையைச் சொன்னேன். விடைத்தாளில் ஒரு விடைதான் இருந்தது என்றார், பிறகு அவரே சிவப்புக் கோட்டின் பக்கத்தில் சரி போட்டுக் கொடுத்தார். நல்ல மனிதர்.

மகள் ஒரு பழைய நோட்டில் ‘லைட்’ என்று நடுவில் எழுதி, சுற்றிலும் கோடு இழுத்திருக்கிறாள். ‘லைட்’ பை, ‘ஹெவி’. ‘லைட்’ பச்சை, ‘டார்க்’. ‘லைட்’ மழை, ‘ஹெவி’. ‘லைட்’ தூக்கம், ‘டீப்’. நேற்று மாலை தாத்தாவுடன் கடைக்குப் போயிருந்தாள். தாத்தா வழக்கம்போல "டீ லைட்டாகப் போடுங்கள்" என்றாராம். பக்கத்தில் இருந்தவர் ‘ஸ்ட்ராங்’ கேட்டாராம். வந்ததும் வராததுமாக நோட்டை எடுத்து ஐந்தாவது கோடு இழுத்துவிட்டாள். டீச்சர், அதை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கச் சொன்னாள்.

செந்தூல் டியூஷன் டீச்சர்:

வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் ‘ஸ்ட்ராங்’ டீக்கு எதிரே ‘வீக்’ டீ நிற்கும். ‘லைட்’ டீ நம் கடைகளில் கேட்பது. அந்தக் கோட்டை மட்டும் வேறு நிறப் பேனாவால் போடச் சொல்லுங்கள்.